லாயச் சுவருக்கு முப்பது மீட்டர்

எங்கள் பூங்காவின் வாசலில் ஒரு துண்டுப் பிரசுரம் வைத்திருக்கிறார்கள். 'நிதானமாக நடந்தபடி வரலாற்றை ரசிக்க ஏற்ற எளிய பாதை' என்று அதில் அச்சடித்திருக்கிறது. எழுதிய மகராசனுக்கு இதயம் நன்றாக வேலை செய்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. என் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நிதானமாக நடந்தாலும் இருநூற்று ஐம்பதாவது அடியில் எனக்கு மூச்சு வாங்கும். அதற்குள் எங்காவது உட்கார்ந்துவிட வேண்டும். "நடக்காம இருக்காதீங்க, உட்காராமலும் நடக்காதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம்.

பூங்கா வாசலிலிருந்து ஏரிக்கரை என் காலடிக் கணக்கில் நானூற்று எண்பது அடி. வாசலில் ஒரு பெஞ்சு, ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு. நடுவில் ஒரு பலகைகூடக் கிடையாது. நடுவில் இருப்பது லாயச் சுவர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் முழுக்க ஒரு பெரிய மனிதரின் தோட்டமாக இருந்ததாம். அவருடைய நாற்பது குதிரைகள் கட்டிக் கிடந்த லாயத்தில் மிஞ்சியது என் இடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் சுவரும், கல்லில் குடைந்த தண்ணீர்த் தொட்டியும்தான். சுவரில் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, அதற்கு முப்பது மீட்டர் சுற்றளவுக்குள் எதையும் பதிக்கக் கூடாது. குதிரைக்கு இளைப்பாற அங்கே நிழலும் தண்ணீரும் இருந்திருக்கின்றன. எனக்கு ஒரு பெஞ்சு இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பூங்காவில் பெஞ்சு செய்கிறவரே என் வீட்டுக்காரர்தான்.

இருபத்தாறு வருஷமாகப் பூங்காவின் தச்சர் அவர். அங்கே இருக்கும் தொண்ணூற்று இரண்டு பெஞ்சுகளும் அவர் கைபட்டவை. சட்டங்களை இழைத்து, போல்ட்டு முடுக்கி, முனைகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார். வேலை முடிந்ததும் அதில் தானே உட்கார்ந்து ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். இடுப்பில் எங்காவது உறுத்தினால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஆரம்பிப்பார். "உக்காந்தவன் பெஞ்சை மறந்துடணும், அப்பதான் அது நல்ல பெஞ்சு" என்று ஒரு தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். மகள் பிறந்திருக்கிறாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது "சரி" என்றவர் அவர். நானோ வீட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள். எங்களுக்குள் சண்டை வந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் நடக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் தினமும் காலையில் ஏரிவரை போய்விட்டு வருவேன். அந்த ஏரியில் ஓர் அதிசயமும் இல்லை. பாசி பிடித்த தண்ணீர், நாலு வாத்து, உடைந்த படித்துறை. ஆனால் நம்மால் போக முடியவில்லை என்றான பிறகு எந்த இடமும் பெரிய இடமாகிவிடுகிறது. பதினான்கு மாதம் அந்த ஏரிக்கரைக்குப் போகாமல் இருந்தேன். இருநூற்று நாற்பது அடியில் லாயச் சுவருக்கு வந்து, மூச்சிரைக்க நின்று, தூரத்தில் தெரியும் தண்ணீரை முறைத்துவிட்டுத் திரும்புவேன். திரும்பும் வழியில் இரண்டு முறை தரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மடக்கு நாற்காலி வாங்கிக்கொள் என்று மகள் போனில் யோசனை சொன்னாள். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அந்தக் கனத்துக்கே நூறாவது அடியில் மூச்சு வாங்கும் என்று அவளுக்கு யார் விளக்குவது?

வீட்டுக்காரர் மனு கொடுத்தார். பாரம்பரியச் சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும், வாயில் எப்போதும் விதி இருக்கும். பூங்கா ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முப்பது மீட்டர்'. மனு கிணற்றில் போட்ட கல்லாக நாலு மாதம் கிடந்தது. பிறகு பதில் வந்தது: 'மேற்படி பாதையில் போதுமான இருக்கைகள் உள்ளன.'

மனுவின் நகலை வாங்கிப் பார்த்தேன். 'பொதுமக்கள் வசதிக்காக' என்று எழுதியிருந்தார்.

"யாரு அந்தப் பொதுமக்கள்? என் பொண்டாட்டிக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு, நடுவுல உக்காரணும்னு எழுதினா உங்க பேனா தேஞ்சா போயிடும்?" என்றேன்.

"அது சலுகை கேக்கற மாதிரி ஆயிடும்."

"கேளுங்களேன்! இருபத்தாறு வருஷம் உழைச்ச மனுஷன் ஒரு பெஞ்சு கேட்டா என்ன?"

அவர் உளியைத் தீட்டப் போய்விட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்தவருக்கு வாய் சாப்பிட மட்டும்தான்.

'பதிக்கக் கூடாது' என்றுதானே விதி? சரி என்று, பதிக்காமலே ஒரு பெஞ்சைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார். மறுநாளே அதைக் காணோம். மண்ணில் பதிக்காத பொருள் எல்லாம் யாரோ விட்டுப்போன பொருள் என்று எடுத்துப்போய், குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் கிடக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். அவர் செய்த பெஞ்சை, அவர் வேலை செய்யும் இடத்திலேயே, அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். அன்று நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறைதான்.

ஆனால் ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாரம் கழித்து, "நாளைக்குச் சுவர்கிட்ட போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். சுவரைக் கை நீட்டித் தொடும் தூரத்தில் பளபளவென்று ஒரு பெஞ்சு. அதன் முதுகில் ஓர் அட்டை: 'வார்னிஷ் ஈரம். உட்காராதீர்கள்.' வார்னிஷ் பூசிய பெஞ்சுகளை வெளியில் வைத்துக் காயவைப்பது பட்டறையின் வழக்கம். காய்கிற பெஞ்சை யாரும் எடுக்க மாட்டார்கள், ஏன் இங்கே என்று கேட்கவும் மாட்டார்கள். காலையில் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைப்பார், சாயங்காலம் எடுத்துப்போவார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெஞ்சு. எல்லாம் முந்தின நாளே காய்ந்தவை. அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

யாராவது பார்த்தால் சந்தேகம் வரக் கூடாதே என்று பழைய செய்தித்தாளை விரித்து ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்தால் ஏரி வந்துவிடும். முதல் நாள் வாத்துகளைப் பார்த்ததும், சனியன்களே, இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று அவற்றைத் திட்டினேன். நான்தான் போகாமல் இருந்தேன் என்பது வாத்துகளுக்கும் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். பெஞ்சு கண்ணுக்குத் தெரியும், அதை நோக்கி நடப்பேன், அவ்வளவுதான். ஒரு நாள் பெஞ்சு சுவரோர மரத்தைத் தாண்டி வெயிலில் இருந்தது. கேட்டேன். "வெயில் நகருது, பெஞ்சும் நகருது" என்றார். காயப்போடும் பொருள் வெயிலில்தானே இருக்க வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இப்படியே இரண்டரை மாதம் போயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூங்காவில் 'வரலாற்று நடை' வைத்திருந்தார்கள். இருபது பேர் போலக் கூட்டம். முன்னால் நின்று பேசியவர் சாட்சாத் முப்பது மீட்டர். நான் பெஞ்சில் செய்தித்தாள் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் நாற்பது குதிரைகளையும் ஒவ்வொன்றாக லாயத்தில் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, சுண்ணாம்பில் என்ன கலந்தார்கள் என்று முக்கால் மணி நேரம். நிதான நடை என்று சொல்லிக் கூட்டி வந்து நிற்க வைத்தே கொன்றுகொண்டிருந்தார்.

கூட்டத்தின் கடைசியில், என் பெஞ்சுப் பக்கமாக, ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டார். உதடு வெளுத்திருந்தது. அது என்ன மூச்சு என்று எனக்குத் தெரியும். கூட்டத்தை விட்டு விலகி என் பெஞ்சை நோக்கி வந்தார், அட்டையைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

முப்பது மீட்டரும் பார்த்துவிட்டார். "அம்மா, அதுல உக்காராதீங்க, ஈரம். நீங்களும் எழுந்திருங்கம்மா, துணியில ஒட்டிக்கும்" என்றபடி எங்களிடம் வந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் உடனே வாயைத் திறக்கவில்லை. காய்ந்துவிட்டது என்று சொன்னால் இரண்டரை மாத நாடகம் முடிந்தது, பெஞ்சு போயிற்று, ஏரி போயிற்று, வீட்டுக்காரருக்கு மெமோ வரும். ஒரு நிமிடம் போல அந்தப் பெண்மணியை நிற்க வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறவள், என்னை நானே அப்படித் திட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

எழுந்தேன். அட்டையைக் கழற்றித் தரையில் போட்டேன். "உக்காருங்கம்மா. இது காஞ்சு ரொம்ப நாள் ஆச்சு" என்று அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"காஞ்சு போச்சா? அப்ப இந்த பெஞ்சு இங்க எதுக்கு?" என்றார் முப்பது மீட்டர்.

"எனக்கு. எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு, சார். நடுவுல உக்காராம என்னால ஏரிக்குப் போக முடியாது. உங்க தச்சர் என் வீட்டுக்காரர். மனு போட்டாரு, இருக்கை போதும்னு எழுதிட்டீங்க. அதான் காயப்போடற மாதிரி வச்சாரு. தப்புன்னா என்னைக் கேளுங்க, அவருக்குப் பதில் சொல்ல வராது."

இருபது பேரும் குதிரைகளை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். கூட்டத்தில் ஒருவரைச் சுவரோரம் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டே பெஞ்சுக்கு வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முப்பது மீட்டர் நாப்பது சென்டிமீட்டர்" என்றார். குரலில் ஓர் ஏமாற்றம். "எல்லைக்கு வெளியில இருக்கு. விதிமீறல் இல்ல. ஆமா, நெஞ்சு விஷயத்தை மனுவுல ஏன் எழுதல?"

எனக்கு அவர் கேட்டது காதில் விழவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். முதல் நாள் உட்கார்ந்தபடியே நான் தொட்ட சுவர், ஆறேழு மரம் தள்ளி அங்கே நின்றது. துணியில் அரை அங்குலம் பிசகினால் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. முப்பது மீட்டரைக் கோட்டை விட்டிருக்கிறேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இங்கே ஒரு பெஞ்சு நடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"எவ்வளவு நகர்த்தினீங்க?"

"தினம் ஒரு முழம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க! கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா நீ எண்ணியிருப்பே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணினா உனக்கு மூச்சு வாங்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னை ஏமாற்றிய கோபமா, அவர் சொன்னது சரியாக இருந்த கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாசலிலிருந்து உட்காராமல் முன்னூறு அடி நடந்திருக்கிறேன், அதுகூடத் தெரியாமல். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பதை அந்த மனுஷன் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. அந்தப் பாதையில் ஒரு பெஞ்சு பதிக்க அனுமதி. பாரம்பரிய எல்லைக்கு வெளியே எங்கு வேண்டுமானாலும் பதிக்கலாம், ஆனால் ஏழு நாளுக்குள் பதித்தே ஆக வேண்டும், தவறினால் அனுமதி ரத்து. இத்தனை நாள் பதிக்காதே என்றவர்கள் இப்போது பதிக்காவிட்டால் தப்பு என்கிறார்கள். காகிதத்தை அவர் என்னிடம் நீட்டினார்.

"நாளைக்குக் குழி தோண்டி சிமென்ட் போட்டுடறேன்."

நான் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நாளைக்கு வேணாம். நாளைக்கு இன்னும் ஒரு முழம் தள்ளிப் போடுங்க. ஏழாவது நாள் எங்க இருக்கோ, அங்க பதிச்சுக்கலாம்."

"நீ எண்ணுவியே" என்றார்.

"எண்ணுவேன்" என்றேன்.