தகரத்தில் காய்ந்த மாதுளந்தோல்

அன்று மானிப்பாய்ப் பழச்சாற்றுக் கடையில் கல்லாவில் முதலாளி, மிக்சியருகே நான், வாசலில் சைக்கிளோடு, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் அந்தக் கம்பஸ் பிள்ளை. ஒல்லியான உருவம். நாங்கள் எறியும் மாதுளந்தோலை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத்தான் எடுப்பாள்.

"குப்பைக்கும் ஆள் வந்திட்டுது," என்றார் முதலாளி.

"எண்ணெய் பழுதாகிப் பாண்டல் மணம் வராமல் காக்கிற சத்து உந்தக் குப்பையிலைதான் ஐயா கிடக்கு," என்றாள்.

உதவியென்று நினைத்து, ஒரு கிழமையாகச் சேர்ந்த தோலை நான் தகரக் கூரையில் காயவைத்திருந்தேன். மோந்தவளின் முகம் வாடியது.

"வெயில் சத்தைத் திண்டிட்டுது அண்ணை. நிழலிலை காயவேணும். திங்கக்கிழமை கம்பஸிலை பரிசோதனை."

ஏசவில்லை. "எவ்வளவு திண்டதெண்டு பாப்பம்," என்று அதையும் கட்டிக்கொண்டு போனாள். அப்படியொரு பொறுமை எனக்கு விளங்கவில்லை.

அன்று பிழிந்த பழங்களின் தோலைக் கடைக்குள் நிழலில், மின்விசிறிக்குக் கீழே பரப்பினேன். நாற்பத்தொரு தோல்.