படிக்கிறவருக்கும் டோக்கன்

என் வீட்டுக்காரர் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுக கேட்டுக்கு நிற்கும் வரிசையில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எர்ணாவூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை. மதிய இடைவேளையில் போனில் எதையாவது எழுதி ஓர் இணையதளத்தில் போடுவேன். அதில் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. "நீ பேசுறதயே கேட்டுகினுதான கீறேன், அத்தயே இன்னொரு தபா படிக்கணுமா?" என்பார்.

அந்தத் தளம் பிளாக்செயினில், அதாவது எழுதியதை அழிக்க முடியாத ஒரு பதிவுச் சங்கிலியில் ஓடுவது. எழுதியது பிடித்தால் படிப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். எழுதியவர் கணக்கில் டோக்கன் சேரும், அதை விற்றுப் பணமாக்கலாம். அதில் ஒரு பங்கு, ஓட்டுப் போட்டவருக்கும் உண்டு. மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே நல்ல எழுத்தைக் கண்டெடுத்தால் பங்கு இன்னும் கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"படிக்கிறவனுக்கா?"

"ஆமாய்யா."

"குந்திகினு படிச்சா குடுப்பானா?"

"படிச்சிட்டு ஓட்டுப் போடணும்."

"ஏம்மே, இத்தினி நாளா இத வூட்டுல வச்சிகினு சொல்லாம கீற?"

அன்று மாலையே அவருக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். கடவுச்சொல் தொலைந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது என்றேன். அதை ஒரு தாளில் எழுதி, யாரும் எடுக்காத இடம் என்று பைபிளுக்குள் செருகி வைத்தார்.

மறுநாள் முதல் டிரெய்லர் வரிசையில் இலக்கியப் பணி ஆரம்பமானது. கட்டுரை வந்து விழுந்ததும் ஓட்டு. கீழே "சூப்பர்" என்று ஒரு வார்த்தை. படிக்க நேரமில்லை, அடுத்த கட்டுரை வந்துவிடும். சமையல் குறிப்புக்கு சூப்பர், மொழியியலுக்கு சூப்பர், மூட்டு வலிக்கும் சூப்பர். நாள் முழுக்க ஓட்டுப் போட்டால் ஓட்டின் பலம் குறைந்துபோகும் என்று நான் சொன்னபோது, "டீசல் மாதிரி போல" என்று புரிந்துகொண்டார். ஆனால் நிறுத்தவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, தெற்கே ஏதோ ஒரு ஊர்க்காரர் தன் அப்பாவின் சாவைப் பற்றி எழுதினார். சோடா கம்பெனி வைத்திருந்த அப்பா. என் வீட்டுக்காரர்தான் முதல் ஓட்டு. அன்றைக்கு என்ன உற்சாகமோ, ஒரு வார்த்தையோடு விடாமல், "சூப்பர் சார், இதே மாதிரி இன்னும் நிறைய எதிர்பார்க்கிறேன்" என்று எழுதிவிட்டார்.

அந்த ஊர்க்காரர் பதில் போட்டார்: "எனக்கு ஒரு அப்பாதான் இருந்தார்."

ஆபீசுக்குப் போன் வந்தது. குரலே மாறியிருந்தது.

"மே, ஒண்ணு எழுதிட்டேன். அழிச்சிக் குடு."

"அழிக்க முடியாதுய்யா. மாத்தி எழுதலாம். பழசு சங்கிலியில அப்படியே நிக்கும்."

"எவ்ளோ நாளு நிக்கும்?"

"எப்பவுமே."

"பேஜாராப் போச்சே" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான், அவர் வாயாலேயே கேட்டது, அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்திருக்கிறார். முன்னால் வண்டிகள் நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் பின்வண்டி டிரைவரே இறங்கி வந்து கதவைத் தட்டினார். அவர் இவருடைய பழைய தோஸ்துதான். "இன்னா மாமு, தூங்கிட்டியா?" என்றவர், இவர் கண்ணைப் பார்த்துவிட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.

இருவரும் சேர்ந்து மன்னிப்பு எழுதினார்கள். படிக்காமல் எழுதிவிட்டேன், இப்போது படித்தேன், என்று நேராகவே இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: "அப்பாவுக்கு அப்பறம் அந்த சோடா மெஷினை யார் ஓட்டுறாங்க?" இரங்கல் சொன்ன யாரும் இதைக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அந்த ஊர்க்காரர் இன்னொரு கட்டுரையே எழுதினார்.

அதிலிருந்து இவர் மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். தோஸ்துக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் வரிசை நின்றதும் அவர் இந்த வண்டிக்கு வந்துவிடுவார். இவர் சத்தமாகப் படிப்பார். தோஸ்து கேட்கும் கேள்விகளைத்தான் இவர் கட்டுரைக்குக் கீழே எழுதினார். "நடுவுல கொட்டாவி வந்துச்சு, மழை வந்ததும் போயிடுச்சு" என்று ஒருவருக்கு எழுதப்போக, அவர் கோபப்படாமல் நன்றி சொன்னார். தளத்தில் தமிழ் வாசகர் குழு ஒன்று இருந்தது. நல்ல கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும் பொறுப்பை இவருக்குக் கொடுத்தார்கள். இவர் கை காட்டும் கட்டுரைக்குக் குழுவின் ஓட்டு மொத்தமும் போகும்.

வீட்டில் நடையே மாறிவிட்டது. டீ கொடுத்தால், "வை, படிச்சிகினு கீறேன்."

சரி, நம் வீட்டிலேயே ஒரு தேர்வாளர் இருக்கிறார் என்று நான் மெனக்கெட்டு ஒன்று எழுதினேன். எண்ணூர்க் கடலின் விடியல். நீல அலை, வெள்ளி நுரை, தூரத்தில் ஒரு தோணி. எனக்கே கண்ணில் நீர் வந்தது. அந்த வாரத் தேர்வு வெளியானது. என்னுடையது இல்லை, யாரோ ஒருவர் வாஷிங் மெஷின் ரிப்பேரானதைப் பற்றி எழுதியது இருந்தது.

"இன்னாய்யா இது?"

"நீ நீலக் கடலுன்னு எழுதிக்கீற. எந்த எண்ணூரும்மே அது? பவர்ஹவுஸ் பொகக்கூண்டு எங்க? சாம்பல் எங்க? ஒரு லாரிகூட இல்ல, நான் எங்க போனேன்?"

"உன் தோஸ்து என்ன சொன்னாரு?"

கொஞ்சம் தயங்கினார். "அவன் தோணி வர்றதுக்குள்ள தூங்கிட்டான்."

அன்று ராத்திரி குழம்பில் எப்போதும் அவருக்கு வைக்கும் மீன் தலையை நானே சாப்பிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அவரும் சமாதானத்துக்கு வரவில்லை. பொண்டாட்டிக்கு ஓட்டுப் போட்டால் குழுவில் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அவருக்கு.

பிறகு டோக்கனின் மதிப்பு விழுந்தது. விழுந்தது எழவே இல்லை. சூப்பர் போட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் காணாமல் போனார்கள். குழுவும் கலைந்தது. தோஸ்து காட்டுப்பள்ளித் துறைமுக லைனுக்கு மாறிப்போனார். இவர் சேர்த்ததை எடுத்தபோது டிரெய்லர் சீட்டுக்கு ஒரு நல்ல குஷன் வாங்க முடிந்தது. அத்தோடு படிப்பதை விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. ஞாயிறு மதியம் தோஸ்து போன் செய்வார். இவர் ஸ்பீக்கரில் போட்டுப் படித்துக் காட்டுவார்.

போன மாதம் நான் மறுபடி ஒன்று எழுதியிருந்தேன். எங்கள் யார்டில் சுங்கச் சோதனைக்கு ஒரு கண்டெய்னரைத் திறந்தபோது, உள்ளேயிருந்து எலும்பும் தோலுமாக ஒரு பூனை நடந்து வந்தது. எந்தக் காகிதத்திலும் அதன் பெயர் இல்லை. இறக்குமதியா இல்லையா என்று அதிகாரிகள் நின்று விவாதித்தார்கள். அதை அப்படியே எழுதினேன். முடிவில் மட்டும் ஆசை விடவில்லை. பூனை கடலைப் பார்த்து நிற்பதாக முடித்திருந்தேன்.

நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலில் இவர் படிப்பது கேட்டதும் மிக்சியை நிறுத்தினேன். படித்து முடித்தார். போனில் சத்தமே இல்லை. தோஸ்து தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன்.

"டேய், கீறியா?" என்றார் இவர்.

"கீறேன் மாமு. கடல பாத்துச்சு, செரி. அதுக்கு எவனாச்சும் சோறு வச்சானா?"

இவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "மே, பூன துன்னுச்சான்னு கேக்குறான்" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். கேன்டீனில் அதற்குத் தினமும் மீன் போகிறது, இப்போது உடம்பு போட்டு மேனேஜர் நாற்காலியில்தான் தூங்குகிறது, எழுப்ப யாருக்கும் தைரியமில்லை என்று போன் பக்கம் குனிந்து சொன்னேன்.

"இத ஏன் எழுதல?" என்றார்கள் இரண்டு பேரும்.