தாய்வீட்டில் அப்பா மட்டும்

எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் வாழ்க்கைப்பட்டிருந்தது பெருந்துறையில். அப்பா கோவை பீளமேட்டில் இருந்தார். மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரே பிள்ளை.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். தாயே இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று என் மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பச்சை உடம்புக்காரியை வைத்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை என்ன செய்வார் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "நான் பாத்துக்கறனுங்க" என்று மாமியாரிடம் சொன்னார். சாயங்கால பஸ்ஸில் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெண் குழந்தை. அதைச் சுகப்பிரசவம் என்று எழுதினார்கள். ஆறு தையல் போட்டிருந்தது. மூன்றாம் நாள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தபோது, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடிதான் உட்கார முடிந்தது. அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் "மெதுவாங்க, மெதுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சமையலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டு மருந்துக் கடையில் பிரசவச் செலவு என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். அதை வறுத்து அரைத்து ரசம் வைத்தார். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். குழந்தையின் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டார். என் துணிகளை மட்டும் நானே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அலசினேன். அவரைத் தொட விடவில்லை.

எங்களைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு வயதான அம்மாவை ஏற்பாடு செய்திருந்தார். காலையில் வந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுவார். பிறகு என் இடுப்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை அடித்து ஊற்றி, பழைய புடவையால் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். கை பக்குவமான கை. ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துப்போகும், தையலும் ஆறாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் சீரகத் தண்ணீர்தான். அப்பாவுக்குப் பிரசவம் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அந்தம்மா சொன்னதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார். சித்திரை வெயில். உதடு வெடித்தது. மலம் கழிக்கப் போவதற்கே பயந்தேன். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்தது. என் உடம்பு இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் இடது மார்பு கல் மாதிரி கெட்டியாகிவிட்டது. தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. குழந்தையை அந்தப் பக்கம் வைத்தாலே கண்ணில் நீர் வந்தது. வலதுபக்கம் மட்டும் கொடுத்தேன். மத்தியானம் குளிர்காய்ச்சல் கண்டது. அப்பா கேட்டபோது தலைவலி என்று சொன்னேன். பால் கட்டிக்கொண்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் சுக்குக் காப்பி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வாங்க இடது கையை நான் தூக்க முடியாமல் நிறுத்தியதைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் வீதிக் கடைசியில் ஒரு நர்சக்கா குடியிருந்தார். மாநகராட்சி மருத்துவமனையில் வேலை. அன்று அவருக்கு இரவு டூட்டி என்பதால் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார் அப்பா. வாசலிலேயே நின்றுகொண்டு, "நீங்க கேளுங்க, எங்கிட்டச் சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நர்சக்கா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். வெட்கப்பட எனக்கு அவகாசமே கொடுக்கவில்லை. வெந்நீரில் நனைத்த துணியை மார்பில் வைத்து, மெல்ல நீவி, கொஞ்சம் பாலைப் பீய்ச்சிவிட்டு, வெளியே அப்பாவிடமிருந்து குழந்தையை வாங்கிவந்து அந்தப் பக்கமே போட்டார். வலித்தாலும் அந்தப் பக்கம்தான் முதலில் கொடுக்க வேண்டும், நிறுத்தினால் சீழ் வைத்துவிடும் என்றார். தையலுக்கு, அகலமான பேசினில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் உட்காரச் சொன்னார். சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல உள்ளே இறுக்கிப் பிடித்து விடு, படுத்தபடி தினமும் செய், கசிவு நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தார். வெளியே வந்து அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, தண்ணியே குடுக்காம பாலு எங்கிருந்துங்க வரும்?" என்றார்.

அன்று சாயங்காலமே டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கினோம். திரும்பி வந்ததும் அப்பா என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்து வைத்தார். அப்படியே கீழே உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி பேசினார்.

"உங்கம்மாளும் இப்படித்தான் கண்ணு. உன்னையப் பெத்த இருபதாம் நாளே கொடந் தூக்கப் போயிட்டா. அப்பவே அடி இறங்கிப்போச்சாமா, கர்ப்பப்பை கீழ வந்துருச்சாமா. எனக்குத் தெரியாது. கடைசியா ஆஸ்பத்திரில சேத்துனப்பத்தான் டாக்டரம்மா சொன்னாங்க. இருபத்திமூணு வருசம் அதோடவே இருந்திருக்கறா."

அம்மா எதையும் சொன்னதில்லையா என்று கேட்டேன்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா. நான் கேக்கலையே" என்றார்.

அம்மா உட்கார்ந்து எழும்போது முட்டியில் கை ஊன்றி ஒரு கணம் நிற்பது எனக்கு நன்றாகத் தெரியும். மூட்டு வலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மறுநாளிலிருந்து நான் எதையும் அவரிடம் மறைக்கவில்லை. தையல் எரிகிறது என்றால் எரிகிறது என்றேன். அவர் பேசினில் தண்ணீரை நிரப்பி உப்பைக் கலக்கி வைத்துவிட்டு, குழந்தையோடு வீதிமுனை வரை போய்வருவார். என் துணிகளையும் அவரே துவைத்தார். நான் தடுக்கவில்லை.

காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. மார்பைக் கிழிக்க வேண்டிவரவில்லை. தையல் ஆறி நேராக உட்கார ஒரு மாதம் ஆனது. கசிவு நிற்க இன்னும் நாளானது.

மூன்றாம் மாதம் என் வீட்டுக்காரர் அழைத்துப் போக வந்தார். அப்பா அவரை உட்காரவைத்து, இன்னும் நாலு மாதத்துக்கு என்னைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடக் கூடாது என்றார். ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இவர் முகம் சிவந்துபோய்த் தலையை ஆட்டினார். ஆனால் சொன்னபடி செய்தார். பெருந்துறையில் அடிபம்புக்கு ஒரு ஆண்பிள்ளை இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு போவதை வீதியே நின்று பார்த்தது. மாமியார் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, தூளி பக்கத்தில் வந்து நின்றார். எதற்காகக் குடம் தூக்கக் கூடாது என்று உங்கப்பா சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். குழந்தையின் துணியை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"இருமுனா உனக்கும் ஒண்ணுக்குப் போயிருதா, அம்மிணி?"

நான் அவரை உட்காரச் சொன்னேன். எத்தனை வருடமாக என்று கேட்டேன். கடைசிப் பையன் பிறந்ததிலிருந்து என்றார். அந்தக் கடைசிப் பையன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் ஈரோட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் அவரைக் கூட்டிப் போனேன். கிளம்பும்போது, வீட்டு ஆண்களிடம் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லச் சொன்னார் மாமியார். நான் அப்படிச் சொல்லவில்லை.