பந்து இல்லாத படம்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்காத நாள் சரிதாவின் வாழ்க்கையில் கிடையாது. இழுத்துப் பார்த்த பிறகு, கேஸை மூடினோமா என்ற சந்தேகம் வரும். அதற்காக மறுபடியும் பூட்டைத் திறப்பாள். "நீ பயப்படறதுக்கு ஒரு தலை பத்தாதுடி" என்பான் அவள் கணவன் கோபிநாத். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். கல்யாணமான புதிதில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். இப்போது பூட்டை இழுத்துப் பார்க்க அவனையே அனுப்புகிறாள் என்பதால் சிரிப்பதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினாலு வயதுக்கு உட்பட்ட பையன்கள் கால்பந்து ஆடுவதைப் படம் எடுப்பது. விழுவதும் முட்டுவதும் முழங்காலைத் தேய்த்துக்கொள்வதும் போக அந்த வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? மற்ற நாட்களில் அவளுக்கு முதலியார்பேட்டையில் தணிகாசலத்தின் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்ப வேலை. தணிகாசலம் ஒரு காலத்தில் ஊசுட்டேரிப் பறவைகளைப் படம் எடுக்கப்போகிறேன் என்று சொல்லி, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கினார். இரண்டு கொக்கை எடுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. லென்ஸ் பீரோவுக்குள் போய்விட்டது. "தூக்கினு போயி என்னாத்தயாவது எடும்மா, சும்மா இருந்தா ஃபங்கஸ் வந்துடும்" என்று அவர்தான் அவளிடம் கொடுத்தார்.

அந்த லென்ஸ் ஒரு விசித்திரமான பொருள். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனின் முகத்தைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நிறுத்திவிடும். மேலுதட்டில் பூத்திருக்கும் வியர்வை தெரியும். உதட்டுக்குள் முணுமுணுக்கும் கெட்ட வார்த்தை தெரியும். ஆனால் அந்த ஒரு முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. பந்து எங்கே, கோல் யார் போட்டது என்பதெல்லாம் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் சரிதாவுக்குத் தெரியவரும். அவளுக்குக் கால்பந்தும் தெரியாது. பிள்ளைகளின் முகம் தெரியும், அவ்வளவுதான். தாய்மார்களுக்கு அது போதுமாக இருந்தது.

குறிப்பாக க்ளெமான்ஸுக்கு. அவள் கணவர் ஃபெர்னான் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. மகன் பிரூனோவுக்கு வயது பதின்மூன்று. மகன் ஆடும் நாளில் இடைவேளை விசில் ஊதியதும் நாலு படமாவது பிரான்சுக்குப் போயாகவேண்டும். போகாவிட்டால் அங்கிருந்து போன் வந்துவிடும்.

இந்தப் பிரூனோவால்தான் மழைக்காலத்துக்கு முன்பு சரிதாவின் மானம் போனது. அவன் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்திருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம். லென்ஸுக்குள் பிரூனோ நெஞ்சைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உதடு துடிக்க நிற்பதைப் பார்த்தாள். அவ்வளவுதான். "ஐயோ, புள்ளைக்கு நெஞ்சு வலி!" என்று அலறிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவிட்டாள். உதைக்க வந்தவன் திடுக்கிட்டுப் பந்தை வானத்துக்கு அனுப்பினான். பிரூனோவோ பனியனுக்குள் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தன் அணி ஜெயிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

பயிற்சியாளர் அன்பழகன் அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அக்கா, கோடு எதுக்குப் போட்டிருக்கு? இன்னொரு தபா தாண்டுனீங்கன்னா கேமராவத் தூக்கினு நேரா ஊட்டுக்குப் போயிடுங்க. அப்புறம் வரவே வேணாம்." பையன்களுக்குக் கேட்கவேண்டுமா? அன்று முதல் அவளைக் கண்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நெஞ்சு வலி!" என்று விழுவார்கள். முதலில் விழுபவன் பிரூனோதான். சரிதாவும் கூடவே சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அழுதாள் என்பது கோபிநாத்துக்கு மட்டும் தெரியும்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீராம்பட்டினத்துப் பையன்களோடு அரையிறுதி. சாயங்கால ஆட்டம். பிரான்சில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். "இன்னிக்கு அவருக்கு லீவு, போனக் கையிலயே வெச்சினு இருக்காரு. எம்புள்ள மொகம் நல்லா வரட்டும்மா" என்று க்ளெமான்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் ஒற்றைக்கால் ஸ்டாண்டை ஊன்றி, லென்ஸைப் பிரூனோவை விட்டு அசைக்காமல் வைத்திருந்தாள் சரிதா. அவன் அணி ஒரு கோல் பின்னால் இருந்தது.

இரண்டாம் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்துக்கு இரண்டு பேர் எகிறினார்கள். லென்ஸுக்குள் பிரூனோவின் தலையோடு இன்னொரு தலை வந்து மோதியது. முடியிலிருந்து வியர்வை தெறித்தது. சத்தம் அவ்வளவு தூரம் வரவில்லை. பந்து வேறு பக்கம் போய்விட்டதால் எல்லோருடைய கண்ணும் அதன் பின்னாலேயே போய்விட்டது. மோதியவன் தலையைத் தேய்த்துக்கொண்டு ஓடினான். பிரூனோ கீழே கிடந்தான். பிறகு எழுந்தான். நின்று கண்ணைக் கொட்டினான். ஓட ஆரம்பித்தான்.

ஒன்றுமில்லை, எழுந்துவிட்டான், ஓடுகிறான் பார் என்று சரிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மைதானமே "கோல்!" என்று கத்தியது. பிரூனோதான் போட்டிருந்தான். சமம். பையன்கள் ஓடிவந்து அவன் மேல் விழுந்தார்கள். சரிதாவின் விரல் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அந்தக் கைகளுக்கு நடுவே அவள் கண்ட முகத்தில் சிரிப்பு இல்லை. தெரியாதவர் கல்யாணத்தில் நுழைந்துவிட்டவன் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடியும் அவிழ்த்தான். எழுந்து நடந்து எதிரணிப் பக்கம் போய் நின்றுகொண்டான். வீராம்பட்டினத்துப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே அவனைத் திருப்பித் தள்ளிவிட்டான். கோல் போட்ட திமிரில் குறும்பு செய்கிறான் என்று பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

"பிரூனோ, உக்காருப்பா. அப்பிடியே உக்காரு கண்ணு" என்றாள் சரிதா. கத்தவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் உட்காருவான் என்று காத்திருந்தாள்.

"யார்கிட்டம்மா பேசுற?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். பிரூனோ அங்கே, மைதானத்தின் மறு கோடியில், கட்டைவிரல் அளவுக்கு நின்றுகொண்டிருந்தான். அவ்வளவு தூரத்தில் இருப்பவனிடமா இவ்வளவு நேரம் பேசினோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

காலடியில் சுண்ணாம்புக் கோடு. நடிக்கிறானோ? கிட்டே போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினால்? அதன்பின் இந்த மைதானமும் இல்லை, இந்த ஞாயிற்றுக்கிழமைகளும் இல்லை. இத்தனை வருடமாக இழுத்துப் பார்த்த பூட்டு ஒரு தடவைகூடத் திறந்து கிடந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தன் பயத்தை அவளே நம்புவதில்லை. இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று லென்ஸில் கண்ணை வைத்தாள். அவன் வாய் லேசாகத் திறந்து கிடந்தது. பந்து அவன் காலடியில் என்று பக்கத்தில் யாரோ கத்தினார்கள். அவன் கண் அசையவே இல்லை.

கேமரா, லென்ஸ், ஸ்டாண்டு எல்லாவற்றையும் அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு சரிதா ஓடினாள்.

நடுவர் விசில் ஊதினார். பிரூனோவின் அணி கோல் பக்கம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆட்டம் அறுந்தது. "மறுபடியுமா!" என்று அன்பழகன் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். சுற்றிலும் கூச்சல். "நான் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றான் பிரூனோ. சரிதா அவன் கையைப் பிடித்தவள் விடவில்லை. எவ்வளவு கத்தியும் விடவில்லை. கடைசியில் நடுவர், இரண்டு பேரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். வேறொரு பையன் உள்ளே போனான்.

க்ளெமான்ஸ் போனும் கையுமாக ஓடிவந்தாள். "என்னாம்மா நீ? எம்புள்ளய ஆட உட மாட்டியா? அவங்கப்பா லைன்ல பாத்துனு இருக்காரு!" போனுக்குள்ளிருந்து ஃபெர்னானின் குரல், "என்னாச்சி, என்னாச்சி" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

தான் கண்டதை எப்படிச் சொல்வது என்று சரிதாவுக்குத் தெரியவில்லை. பிள்ளையையாவது சமாதானப்படுத்தலாம் என்று கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டினாள். "கோவிச்சுக்காதப்பா. பாரு, உன் கோலு. எவ்ளோ நல்லா வந்திருக்கு."

பிரூனோ பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"எந்தக் கோலு?"

"டேய், நடிக்காத" என்றார் அன்பழகன்.

"எந்தக் கோலு சார்? நாம ஒண்ணு பின்னாடிதான இருக்கோம்?" அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, செகண்ட் ஆஃப் ஆரம்பிச்சிட்டாங்களா?"

பிரூனோ அப்படியே சாய்ந்து, அன்பழகனின் கால்மேல் வாந்தி எடுத்தான்.

அன்பழகன்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். தலைக்குள் அதிர்ச்சி, இந்த நிலையில் ஆடி இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர். இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்க்கவேண்டும், ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை என்ற வார்த்தையைச் சரிதா வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது அவளுக்கு இனித்தது.

மறுநாள் சாயங்காலம் ஸ்டுடியோவிலேயே அந்தக் கோல் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். உள்ளே நுழையும்போதே பிரூனோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நெஞ்சு வலி!" குறும்பு என்று தெரிந்தும் சரிதா ஒரு நர்ஸைத் தேடித் திரும்பிப் பார்த்தாள்.

அவன் படத்தை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டான். அதில் அவன் முகம் மட்டும்தான் இருந்தது. நெற்றியில் ஒட்டிய முடி, பாதி மூடிய கண், திறந்த வாய். பந்தும் இல்லை, கோல் கம்பமும் இல்லை.

"வலது கால்ல அடிச்சேன்னு ஒருத்தன் சொல்றான். தலையால முட்டுனேன்னு இன்னொருத்தன் சொல்றான். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. நீங்கதான எனக்குக் கிட்டக்க இருந்தீங்க. எப்பிடிக்கா போட்டேன்? பந்து எந்த மூலையில போச்சு?"

சரிதா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லவும் அவளுக்குப் பயம்.

"தெரியாதுப்பா" என்றாள். "நான் உன் மொகத்தத்தான் பாத்துனு இருந்தேன்."

ஜன்னலோரம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த க்ளெமான்ஸ் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஈரக் கையோடு சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.