மெழுகுவத்தியோடு வந்தவர்கள்

எங்கள் துரை எங்களைத் திருடர்கள் என்று நினைக்கிறார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. ரங்கூனில் துரை இருந்த பங்களாவுக்கு அப்பா சமையல்காரர். சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்களுக்கு வீடு. வேலை போனால் அறையும் போகும். துரையோ தினமும் சமையல் முடிந்ததும் கைத்தடியோடு வந்து அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்ப்பார். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்ப்பார். எங்களைத் தேடி யார் வந்தாலும் பெயர், ஊர், குடும்பம் எல்லாம் விசாரிப்பார்.

“சாம்பலுக்குள்ள என்னத்தத் தேடுறாரு? கோழிக்கால ஒளிச்சு வச்சிருக்கோமா?” என்பாள் அம்மா.

“பெரிய எடத்து மனுசரு, அப்படித்தான் இருப்பாரு” என்று அப்பா சமாதானம் சொல்வார். துரை பிறந்தது ஸ்காட்லாந்தாம். அயர்லாந்தில் நிலபுலம், மாளிகை மாதிரி வீடு. தேர்தலில் நின்று ஜெயித்துப் பார்லிமெண்ட் சபையில் பேசியவராம். வயதான காலத்தில், இங்கே மர வியாபாரம் பார்த்த தம்பி மகனோடு இருக்க வந்துவிட்டார்.

“அம்புட்டுப் பெரிய வீட்ட விட்டுட்டு, நம்ம கொசுக்கடியில கெடக்க வந்தாராக்கும்.”

அம்மாவின் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் தோட்டத்தில் நடந்தால் குரோட்டன் செடிகளுக்குப் பின்னால் நானும் நடப்பேன். வாசல் கேட்டருகே நின்று ரோட்டையே பார்ப்பார். எங்களைப் பிடிக்கப் போலீஸ் வரும் வழியைத்தான் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன்.

தடின்ஜூ வந்தது. பர்மாக்காரர்கள் வீடெல்லாம் விளக்கேற்றி, வயதில் மூத்தவர்களைத் தேடிப்போய்ப் பழம் வைத்துக் கும்பிடும் பண்டிகை. தெருவுக்கே மூத்தவர் எங்கள் துரைதான் என்று எதிர்வீட்டு பர்மாக்கார அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. பொழுது சாயும் நேரம், ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு தெருவே திரண்டு வந்தது. கேட்டைத் திறந்துவிட்டது நான்தான்.

படியில் நின்ற துரை அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். கத்தவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே வெளியே போ என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

“கேட்டீங்களா? நல்ல நாளும் அதுவுமா தொரத்திட்டாரு” என்று அம்மா சட்டிபானைகளைப் பழஞ்சேலையில் கட்ட ஆரம்பித்தாள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

துரை திரும்பி வந்தபோது தலையில் தொப்பி இருந்தது. செத்துப்போன மனைவியின் படத்தை மார்போடு அணைத்திருந்தார். வந்தவர்கள், தங்களைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்து, புல்லில் மண்டியிட்டார்கள். அவர் கும்பிட்டவர்களைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி வீட்டையே பார்த்தார். வீடு அப்படியே இருந்தது.

“பெரியவங்கன்னு கும்பிட வந்திருக்காங்க, தொரை.”

அப்பா சொன்னது அவருக்கு எட்ட வெகுநேரம் ஆனது. பிறகு படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கைகொடுத்துப் பெயர் கேட்டார். ஆசீர்வாதத்துக்கு வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். என்னிடமும் கையை நீட்டினார். துரத்தியவருக்கு எதற்குக் கை என்று அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன்.

மறுநாள் யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. அம்மா சட்டிகளைத் திரும்ப அடுக்கினாள். சந்தேகத்தை மட்டும் விடவில்லை.

துரை இறந்த பிறகுதான் தம்பி மகன் அப்பாவிடம் சொன்னார். அயர்லாந்தில் விடுதலைக் கலகம் நடந்தபோது அவருடைய குடியானவர்களே பந்தத்தோடு வந்து அந்த வீட்டைக் கொளுத்தினார்களாம். வேண்டியதை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்களாம்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் சும்மா உட்கார்ந்திருக்கையில் உறைத்தது. வீடு எரியப்போகிறது என்று நம்பிய அந்த நிமிஷத்தில் அவர் முதலில் வெளியே அனுப்பியது எங்களை. படத்தை எடுக்க அதற்கப்புறம்தான் போனார்.