கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் பார்ப்பவள்

எந்தப் படமானாலும் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடக்கத்துக்குப் போவேன். வீட்டு டிவியில் இணையம் வழியாகப் பார்ப்பதால் இந்த வசதி இருக்கிறது. இதைச் சொன்னால் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். இலை போட்டதும் பாயசத்தைக் குடித்துவிட்டுச் சாம்பார் கேட்கிற ஆள் நீ என்பார் என் கணவர். யார் பிழைத்தார்கள், யார் சேர்ந்தார்கள் என்று தெரியாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. மகள் பிறந்த பிறகு இந்தப் பழக்கம் முற்றிவிட்டது. அவளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். அவள் பார்க்கக்கூடிய படமா இல்லையா என்று சோதிப்பதற்கும் அதே பத்து நிமிடம்தான் எனக்கு அளவுகோலாக இருந்தது.

நான் வேலைக்குச் சேருவதற்கு முந்திய மூன்று வாரத்தில் நிறையப் படம் பார்த்தோம். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வேதியியலில் முதுகலை முடித்து, கல்யாணம், பிரசவம் என்று ஐந்தாறு வருடம் சான்றிதழ்கள் பீரோவில் கிடந்த பிறகு வந்த வேலை. பெரம்பலூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிவாக்கில்தான் திரும்ப முடியும். இனி அவளோடு மடியும் தலையுமாகப் படுத்துக்கொண்டு படம் பார்க்க நேரம் எங்கே கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில், பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் நான் தனியாகப் பேய்ப் படம் பார்ப்பேன்.

பேய்ப் படங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. யாரும் சாப்பிடுவதே இல்லை. அப்போது பார்த்த ஒன்றில் ஒரு குடும்பம் மலைமேல் பழைய பங்களாவுக்குக் குடிவருகிறது. வந்த அன்றே கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, குழாயில் தண்ணீர் சிவப்பாக வருகிறது, சின்னப் பையன் சுவரோடு பேசுகிறான். எனக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. மதியம் வந்து இறங்கிய பிள்ளைக்கு இருட்டும்வரை ஒருவர்கூட ஒரு வாய் சோறு கொடுக்கவில்லையே என்பதுதான் மனசை அரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு படத்தில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பேய் ஏறி வந்தது. அதன் வெள்ளைப் புடவை இஸ்திரி போட்டு எடுத்ததுபோல் மடிப்புக் கலையாமல் இருந்தது. துவைத்துக் காயப்போடுகிறவர்கள் யாரும் அந்தப் படக்குழுவில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குடும்பப் படங்களில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அண்ணன் தம்பி சண்டை, சம்பந்தம் பேசுவது, சமாதானம் எல்லாமே இலைக்கு முன்னால்தான். ஆனால் அம்மாவாக வருகிறவர் கடைசிவரை கையில் கரண்டியோடு நின்றுகொண்டே இருப்பார். அவர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்க ஒரு பாத்திரமும் கிடையாது. இருந்தாலும் நான் அந்தப் படங்களைத்தான் ரசித்து அழுதுகொண்டே பார்ப்பேன். முடிவு தெரிந்த பிறகு அழுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

என் நாத்தனாருக்குக் குடும்பப் படம் ஆகாது. அவர் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குன்னம் பக்கம் சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். மகன்கள் படிப்புக்காக இப்போது எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்ததும், மூன்றரை மணிக்குப் பள்ளி வேனிலிருந்து மகளை இறக்கி நான் வரும்வரை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "குடும்பப் படந்தான் வூட்லயே ஓடுதே, அதுக்கு எதுக்கு டிவிக்குக் கரெண்ட்டு" என்பார். பேய் வந்தால் மட்டும் கைதட்டிச் சிரித்து ரசிப்பார். அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பாப்பாவுக்குப் பேய்ப் படம் வேண்டாம், குடும்பப் படம் மட்டும், அதுவும் நான் முடிவைப் பார்த்த பிறகு.

வேலைக்குச் சேர எட்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படித்தான் ஒரு குடும்பப் படத்தைச் சோதித்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கல்யாண மண்டபம். நடுவில் நரைத்த தலையோடு அம்மா, மடியில் பேரன், சுற்றி எல்லோரும் சிரித்தபடி போட்டோவுக்கு நிற்கிறார்கள். இதைவிட நல்ல முடிவு வேறு என்ன வேண்டும் என்று மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டேன்.

அந்த அம்மா இளம் வயதில் கணவனை இழந்து, பிள்ளைகளை வளர்க்க வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். ஊர்ப் பேருந்தில் ஏறி உட்காருகிறாள். சின்ன மகள் பேருந்தின் பின்னால் ஓடுகிறாள். பேருந்து நிற்கவில்லை. புழுதி அடங்கும்போது இடைவேளை என்று போட்டார்கள். என் மகள் அழவில்லை. என் மடியில் ஏறி, துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். சாப்பிட்ட அசதி என்று நினைத்து நான் மிச்சப் படத்தைப் பார்த்து, போட்டோ எடுக்கும் காட்சியில் ஆனந்தமாக அழுது முடித்தேன். அவளைப் பொறுத்தவரை படம் அந்தப் புழுதியோடு முடிந்துவிட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போக என் செருப்பைத் தேடினால் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று கிரைண்டருக்குப் பின்னால் இருந்தது. செவ்வாய்க்கிழமை கைப்பையைக் காணோம். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு முறை அம்மா என்று கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று சொல்லவில்லை, நான் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் கேட்டாள். சத்தியம் செய்தால் அது பொய், செய்யாவிட்டால் அவள் வேனில் ஏறமாட்டாள். ஒவ்வொரு நாளும் நான் பேச்சை மாற்றினேன். போகப்போகச் சரியாகிவிடும் என்றார் கணவர். எனக்கு இருந்ததோ ஒரு வாரம்.

அந்தப் படத்து அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று எடுத்துச் சொன்னேன். தான் அதைப் பார்க்கவில்லை என்றாள். சரி, பார்த்துக்கொள் என்று கைப்பேசியில் அந்தக் கல்யாண மண்டபத்தைப் போட்டுக் காட்டினேன். மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது அந்த அம்மா இல்ல. இது பாட்டி."

அதே அம்மாதான், வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நான் விளக்கியது பெரிய தப்பு. அவள் கைப்பேசியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீயும் பாட்டியானப்புறந்தான் வருவியா?"

அன்று மதியம், குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சேர இயலவில்லை என்று ஆலை அலுவலகத்துக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. 'இயலவில்லை' சரியா, 'இயலாத நிலை' இன்னும் மரியாதையா என்று இரண்டு முறை திருத்தி அப்படியே வைத்திருந்தேன். வேலைக்குப் போனால் நல்ல அம்மா இல்லையோ என்று ஒரு பக்கம். போகாவிட்டால், ஒரு சினிமாவால் வேலையை விட்டவள் என்று காலமெல்லாம் என்னை நானே குத்திக்கொண்டிருப்பேனே என்று மறுபக்கம்.

வெள்ளிக்கிழமை அசல் சான்றிதழ்களை எடுத்து வரச் சொன்னார்கள். வேனிலிருந்து மகளை இறக்கிக்கொள்ள அண்ணியிடம் சொல்லிவிட்டு, அவள் பள்ளியில் இருக்கும்போதே அரியலூருக்குக் கிளம்பிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும், சேருவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து அண்ணி வீட்டுக்குப் போனபோது மணி ஆறே கால். அண்ணி முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகளும் ஒரு வெங்காயத்தை வைத்துக்கொண்டு உரிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணிலும் நீர். எதிரே டிவியில் தலைவிரி கோலமாக ஒரு பேய்.

பாப்பாவுக்கு இதெல்லாம் காட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே அண்ணி என்றேன். அவர் அசரவில்லை.

"நான் எங்க காட்டுனேம்மா. நான் பாத்துக்கிட்டிருந்தேன், அவ வந்து உக்காந்துட்டா. முழுசாப் பாத்து முடிச்சுட்டு ரெண்டாந்தடவ போடுன்னு அவதான் சொன்னா."

முழுசாக, அதுவும் இரண்டாம் முறை. ஏற்கனவே ஒரு படத்தின் பாதியைப் பார்த்தே இந்தப் பாடு. இனிக் காய்ச்சல் வரும், தூக்கத்தில் அலறுவாள், திங்கள்கிழமை வேலைக்குச் சேருவது என்பது இனி இல்லை என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அம்மா, நீ எந்த அம்மா? பஸ்ஸுல போன அம்மாவா, இந்தப் பேய் அம்மாவா?"

கதையை அவளே சொன்னாள். அந்தப் பேய் ஒரு பாப்பாவின் அம்மா. பகலில் எங்கேயோ போய்விடும். விளக்கு போட்டதும் வந்துவிடும். வந்து பாப்பாவுக்குத் தலை வாரிவிடும். தாடி வைத்த ஒருவர் வந்து திருநீறு போட்டு, வேப்பிலையால் அடித்துத் துரத்துகிறார். அது போகவில்லை. மறுநாளும் விளக்கு போட்டதும் வந்து நிற்கிறது. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற பெருமைதான் இருந்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன வார்த்தை சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். முதுகலைப் பட்டம் அந்த இடத்தில் உதவவில்லை. பிள்ளையிடம் பொய் சொல்லவும் கூடாது. இது பொய்யா என்றும் தெரியவில்லை. பகலில் போகிறேன், விளக்கு போட்டதும் வருகிறேன், யார் துரத்தினாலும் வருவேன். யோசிக்க யோசிக்க எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

"நான் பேய் அம்மாதான்" என்றேன்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வெக்கிற நேரத்துல எந்தம்பி பொண்டாட்டி பேசுற பேச்சப் பாரு" என்று அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் முறம் ஆடி வெங்காயத் தோல் மூன்று பேர் தலையிலும் பறந்தது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை என் செருப்பு இரண்டும் வாசலில் இருந்தன. அவளே கொண்டுவந்து வைத்திருந்தாள், இடமும் வலமும் மாறி. விளக்கு போட்டதும் வந்துவிட வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், ஆலைக்கு அனுப்பாமல் வைத்திருந்த அந்தச் செய்தியை அழித்தேன். அழித்த பிறகு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று அரியலூர் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன். ஆய்வகத்தில் சுண்ணாம்புக்கல் தூளைச் சலித்து எடை பார்க்கச் சொன்னார்கள். கை மறக்கவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும், அவள் டப்பாவைக் காலி செய்திருப்பாளா என்று தோன்றியது.

முதல் நாள் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே விட்டார்கள். அண்ணி வீட்டுத் தெருமுனையில் நான் திரும்பும்போது வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் வாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு, கூடத்து டியூப் லைட், போன விசேஷத்துக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட சீரியல் பல்பு எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

அண்ணி வாசலிலேயே நின்றார். "நாலு மணிலேர்ந்து எரியுதும்மா. வெளக்கு போட்டாத்தான் நீ வருவியாம். நிறுத்தப் போனா கைய புடிச்சிக் கடிக்க வரா."

மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். ஓடி வருவாள் என்று கையை விரித்தேன். வரவில்லை. உச்சியிலிருந்து பாதம்வரை என்னைச் சோதித்துப் பார்த்தாள்.

"முடிய ஏன் கட்டியிருக்க?"

எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைப்பாரோ என்று ஒரு நொடி தயங்கினேன். பிறகு கைப்பையையும் சாப்பாட்டுப் பையையும் கீழே வைத்துவிட்டு, கிளிப்பைக் கழற்றி, முடியை உதறி முகத்தின் மேல் விட்டுக்கொண்டேன். அவள் படியிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.