நிலக்கரிப் பெட்டியில் பேட்டரி

தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவளைத் தெருவில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. ஐம்பத்தெட்டு வயதிலும் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி ஓட்டம். சாப்பாடுகூடப் பாதி நாள் நின்றுகொண்டேதான்.

வாய்த்த கணவர் நேர் எதிர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக முப்பது வருடம் உட்கார்ந்தே சம்பாதித்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வரும். சட்டைப் பொத்தான் ஒரு நூல் விலகியிருந்தால் போதும், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். அப்படிப்பட்டவருக்கு இருந்த ஒரே பித்து பொம்மை ரயில். பொம்மை என்றால் கோபம் வரும், மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளறையை அடைத்துக்கொண்டு ஒரு மேஜை, அதன்மேல் வளைந்து நெளிந்து தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், தீப்பெட்டி உயரத்தில் வீடுகள். துணி காயப்போட இடமில்லை என்று இருபது வருடமாகச் சண்டை.

இந்த ரயிலுக்குக் கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் வரும். தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு. கொஞ்சம் தூசி படிந்தாலும் இன்ஜின் திக்கித் திணறும். அதனால் வாரம் ஒருமுறை மேஜைமேல் கவிழ்ந்து மூலை முடுக்கெல்லாம் துடைத்தாக வேண்டும். முதுகில் ஆபரேஷன் ஆனபின் அவரால் குனிய முடியவில்லை. நான் துடைக்கிறேன் என்று போன பம்பரம், முதல் நாளே ஸ்டேஷன் கூரையைப் பெயர்த்து வைத்தாள்.

"நீ தயவுசெஞ்சு இந்தப் பக்கமே வராத" என்றார். உள்ளறைக் கதவைச் சாத்தினார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான், ஏழு மாதமாயிற்று.

உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிதில்லை. குறை சொல்வதை நிறுத்திவிட்டார், அதுதான் உறுத்தியது. ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சமைத்து வைத்தாள். மனிதர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுக் கை கழுவினார். அந்த வாரமே அவர் ரயில் சிநேகிதரான பல் டாக்டருக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிடுப்பா" என்றார். ரயிலும் போய்விட்டால் இவர் இந்த ஜன்னலோரமே முடிந்துபோவார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்புறம் எங்கே இருப்புக் கொள்ளும்?

மறுநாள் காலையிலேயே டாக்டரின் கிளினிக்கில் போய் நின்றாள். பல்லைக் காட்ட அல்ல.

"வேற வழியே இல்லையா தம்பி?"

"இருக்கு அண்ணி. இன்ஜினுக்குள்ளயே பேட்டரி வச்சு ரிமோட்ல ஓட்டலாம். தண்டவாளத்துல கரண்டே வேண்டாம், எவ்ளோ தூசியா இருந்தாலும் ஓடும். ஆனா அண்ணன் இன்ஜினைப் பிரிக்க விடமாட்டாரே."

அவரை யார் கேட்கப்போகிறார்கள்? பெரிய கறுப்பு இன்ஜின் டிபன் பையில் ஏறிக் கடைக்குப் போனது. மோட்டார் அவளுக்குப் புதிதல்ல, ஆனால் இதன் திருகாணிகள் எள் அளவு. இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியில் எடைக்காக வைத்திருந்த ஈயக்கட்டியை எடுத்துவிட்டு அங்கே பேட்டரியை நுழைத்தாள். வாங்கிய முதல் பேட்டரி பருமன், மூடி மூடவில்லை. அதை வீசிவிட்டு வேறு வாங்க ஓடினாள். ரிமோட் சொல்வதை வாங்கிக்கொள்ளும் நகம் அகல ரிசீவர் டிரைவர் நிற்கிற இடத்தில் உட்கார்ந்தது. அதிலிருந்து மோட்டாருக்கு இரண்டு வயர். ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள். சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு வந்த பழைய வயர்களை மட்டும் வெட்டக் கை வரவில்லை. அவருக்குப் பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிவிடலாமே. கடை மேஜையில் ஓட்டிப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் நான்கு அட்டைப்பெட்டிகளோடு வந்துவிட்டார். "ஏங்க, ஒரே ஒரு நிமிஷம்" என்று கணவரை உள்ளறைக்கு அழைத்துப்போய் இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து, கையில் ரிமோட்டைத் திணித்தாள்.

"என் இன்ஜினையா பிரிச்ச?"

அவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுக் குமிழைத் திருகினார். ஏழு மாதத் தூசியின்மேல் இன்ஜின் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியாததால் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, கதவுக்கும் மேஜைக்குமாக நடந்தாள்.

அப்போது ஸ்டேஷனில் நின்ற சின்னப் பச்சை இன்ஜின் துள்ளியது. பேட்டரியே இல்லாத, யாரும் தொடாத இன்ஜின். திக்கியது, நின்றது, மறுபடி நகர்ந்தது, எதிரில் நின்ற சரக்குப் பெட்டியில் போய் முட்டிக் கவிழ்ந்தது.

"ஐயோ, அது ஏங்க ஓடுது?"

அவர் ரிமோட்டை நிறுத்தினார். கறுப்பு இன்ஜினை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"சக்கரத்து வயரை யாரு வெட்டுறது, உங்கப்பாவா? பேட்டரி கரண்டு மோட்டாருக்கும் போகுது, இந்த வயர் வழியா தண்டவாளத்துக்கும் இறங்குது. அதை வாங்கிக்கிட்டு அது ஓடுது! நல்லவேளை, தண்டவாளத்துக்குக் கரண்டு குடுக்குற பழைய டிரான்ஸ்பார்மர் பிளக்குல இல்ல. இருந்திருந்தா உன் ரிசீவர் கருகியிருக்கும்!"

"வெட்டிட்டா திருப்பிப் பழையபடி ஒட்டணும்னா கஷ்டமேன்னு..."

"திருப்பி எதுக்கு ஒட்டணும்?"

அதோடு விட்டாரா? சால்டர் கட்டி கட்டியாக நிற்கிறது. வயர் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நிலக்கரி மூடி கோணல். இன்ஜினைத் திருப்பத் திருப்பப் புதுசு புதுசாகக் குறை வந்தது.

"அண்ணே, பெட்டியெல்லாம் கொண்டாந்துட்டேன்..." என்று இழுத்தார் டாக்டர்.

"இருப்பா. இந்த லட்சணத்துல இதை எப்படிக் குடுக்குறது? பார்க்கிறவன் சிரிப்பான்." பிறகு மனைவியிடம், "நிக்கிறியே, கட்டரைக் கொண்டா. அந்தப் பச்சையில பேட்டரி எங்க வைக்கப்போற? இடமே இல்லையே, யோசிச்சியா?"

கட்டர் கடையில் இருந்தது. அவள் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினாள்.

"நல்ல சால்டரா வாங்கிட்டு வா, இது படு மட்டம்!" என்று மேலிருந்து கத்தல். பாதிப் படியில் அவளுக்கு அழுகை பீறிட்டுவிட்டது. ஏழு மாதம் கழித்து வீட்டில் திட்டு விழுந்திருக்கிறது.